குடைமிளகாய்க்குத் துணை எது?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு காய்கறிக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கத்திரிக்காய் அரை கிலோ, வெண்டைக்காய் அரை கிலோ என்று கேட்கிறவர்கள் குடைமிளகாயை மட்டும் எண்ணி வாங்குவார்கள். "ரெண்டு குடமிளகா போடுப்பா." கூடவே இரண்டு காரட், ஒரு பிடி பீன்ஸ், கால் முட்டைக்கோஸ். "வீட்ல இன்னிக்கு ஃப்ரைடு ரைஸா?" என்று கடைக்காரரே கேட்டுவிடுவார். பெரும்பாலும் அதுதான். சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் சி.டி.எச். ரோட்டில் பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி இரும்புச் சட்டியில் குடைமிளகாய் விழும் வாசனை வருகிறதே, அந்த வாசனையோடுதான் நம்மில் பலருக்கு இந்தக் காய் பழக்கம். அதனால் ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி பரோட்டா, இவற்றைத் தாண்டி இதற்குப் போக்கிடம் இல்லை என்று நினைத்துவிட்டோம். மீந்துபோன ஒரு காய் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடந்து சுருங்கும்.

எனக்கு இந்தக் காய்மேல் தனிப் பிரியம். சரியான ஜோடி கிடைக்காமல் அது வீணாவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நான் திருமுல்லைவாயலில் இருக்கிறேன். வீட்டிலேயே சமைத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்புவது என் தொழில். எவர்சில்வர் டப்பாவில் சூடாகப் போட்டு மூடினால், திறக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தக் காய் எதோடு ஒத்துப்போகும், எது எதைக் கெடுக்கும் என்பது தெரிந்துவிடும். அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வரும் சாப்பாட்டில் இது தெரியாது. எனக்குப் பாராட்டும் புகாரும் வாய்வழியாக வருவது குறைவு. திரும்பி வரும் டப்பாதான் பேசும். குடைமிளகாயையும் முட்டைக்கோஸையும் சேர்த்துக் கூட்டு வைத்தால் பச்சைத் துண்டுகள் மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டு வரும். அதே குடைமிளகாயை வேர்க்கடலைப் பொடி போட்டு வதக்கி அனுப்பினால் டப்பாவில் ஒரு துண்டு மிஞ்சாது. சாப்பிடுகிறவர்கள் அவர்களேதான், காயும் அதேதான். மாறியது துணை மட்டும்.

ஏன் இப்படி என்பதற்கு வேதியியலில் நல்ல பதில் இருக்கிறது.

பச்சைக் குடைமிளகாயை அறுத்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனைக்குக் காரணமான பொருளை 1969-இல் அமெரிக்க வேளாண் துறையின் கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில் ரான் பட்டரியும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பைரசீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. முழுப் பெயர் நீளமானது, நமக்கு மெத்தாக்ஸி பைரசீன் என்பது போதும். அதன் வீரியம் அசாத்தியமானது. தண்ணீரில் ஒரு லட்சம் கோடிப் பங்குக்கு இரண்டு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தூள் உப்பின் ஒரே ஒரு மணியில் பாதி எடைக்கு இந்தப் பொருளை அதில் கலந்தால், லாரித் தண்ணீர் முழுக்கக் குடைமிளகாய் மணக்கும்.

மற்ற மிளகாய்களுக்கு இருக்கும் காரம் இதற்கு இல்லை. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினை உருவாக்கும் மரபணு இதில் செயல்படுவதில்லை. கார அளவைக் கணக்கிட வில்பர் ஸ்கோவில் 1912-இல் வகுத்த அளவுகோலில் குடைமிளகாய்க்குப் பூஜ்யம். காரம் போய்விட்டது, வாசனை தங்கிவிட்டது. ஆக நாம் வாங்குவது சுரைக்காய், பீர்க்கங்காய் மாதிரி எதோடு போட்டாலும் அடங்கிப்போகும் காய் இல்லை.

இந்த இடத்தில் என்னை மிகவும் சந்தோஷப்படுத்திய ஓர் ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். மேல்நாட்டுச் சமையல் நிபுணர்களிடையே ஒரு கொள்கை பிரபலமாக இருந்தது: இரண்டு பொருள்களுக்கு வாசனை மூலக்கூறுகள் எவ்வளவுக்குப் பொதுவாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அவை நன்றாகச் சேரும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க, மேற்கு ஐரோப்பியச் சமையலில் இது ஓரளவு உண்மை என்றது. கிழக்காசியச் சமையல் அதற்கு எதிர்த்திசையில் போகிறது என்றும் சொன்னது. நம் சமையல் எப்படி? ஜோத்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த கணேஷ் பாக்லரும் அவருடன் அனுபம் ஜெயின், ராக்கி ஆகியோரும் 2015-இல் இதை ஆராய்ந்தார்கள். தர்லா தலாலின் சமையல் குறிப்புத் தொகுப்பிலிருந்து 2,543 குறிப்புகளை எடுத்தார்கள். வங்காளம், குஜராத், பஞ்சாப், தென்னிந்தியா என்று எட்டு வகைச் சமையல் அதில் அடக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால், நம்மவர்கள் வாசனை ஒத்துப்போகும் பொருள்களைத் தேடிச் சேர்க்கவே இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வாசனைகளைத்தான் ஒரே சட்டியில் சேர்த்திருக்கிறார்கள். எட்டு வகைச் சமையலிலும் இதே கதைதான்.

இந்த 'சேராததைச் சேர்க்கும்' குணத்துக்கு முக்கியக் காரணமான பத்துப் பொருள்களை அவர்கள் பட்டியலிட்டார்கள். காய்ந்த மிளகாய், தனியா, கரம் மசாலா, புளி, இஞ்சி, பூண்டு, கிராம்பு, பட்டை என்று பெரும்பாலானவை அஞ்சறைப் பெட்டியிலிருந்தோ அரைத்த மசாலாவிலிருந்தோ வந்தவை. அதே பட்டியலில் ஒரு காய்கறியும் இருந்தது. அது பச்சைக் குடைமிளகாய்.

இதைப் படித்தபோது என் டப்பாக்கள் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் என்று தோன்றியது. குடைமிளகாய் கடையில் காய்கறிக் கூடையில் இருக்கிறது. சட்டியில் நடந்துகொள்வதோ பட்டை, பெருங்காயம் மாதிரி. அதைக் காய் என்று நினைத்து இன்னொரு காயோடு சமபங்காகப் போட்டால் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். மசாலாப் பொருளாக நினைத்து அளவோடு போட்டு, அதன் மணத்தை ஏந்திக்கொள்ள வேறொன்றைக் கொடுத்தால் அது ஜொலிக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்காரர்கள் இதைக் கணக்கு எதுவும் போடாமலே கண்டுகொண்டவர்கள். நாம் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பதுபோல, அவர்களுடைய பெரும்பாலான குழம்புகளுக்கு வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குவதுதான் ஆரம்பம். அங்கே அதைத் தனிக் காயாகத் தேடினால் கிடைக்காது, கரைந்து மணமாகியிருக்கும்.

சரி, எதைத் துணைக்கு வைப்பது?

முதலில் எல்லோருக்கும் தெரிந்த உருளைக்கிழங்கு. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.), படை உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப்., விமானப் படை என்று இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குடியிருப்புகளில் மத்தியானம் நடந்துபோனால் ஒரு வீட்டுக்கு ஒரு மாநிலம் மணக்கும். உத்தரப்பிரதேசத்துக்காரர் வீட்டில் உருளைக்கிழங்கும் குடைமிளகாயும் சேர்த்துச் சீரகம் தாளித்து, இறக்கும்போது மாங்காய்த் தூள் தூவுவார்கள். உருளைக்கிழங்கின் தோலில் ஒரு மண்வாசனை இருக்குமே, அதற்குக் காரணமும் மெத்தாக்ஸி பைரசீன்தான். குடைமிளகாயில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. பச்சைப் பட்டாணியிலும் அந்தக் குடும்பம் உண்டு, வறுக்காத காபிக்கொட்டையிலும் உண்டு. அதனால் உருளைக்கிழங்கும் பட்டாணியும் குடைமிளகாயோடு சண்டை போடாது. ஆனால் உறவுக்காரர்கள் மட்டுமே கூடினால் பேச்சு ஒரே தினுசாகப் போய்விடும். மாங்காய்த் தூளின் புளிப்பு வந்த பிறகுதான் அந்தக் கறிக்கு உயிர் வருகிறது. நம் வீட்டில் அது இல்லாவிட்டால் எலுமிச்சை போதும்.

என் கட்சி வேர்க்கடலை. வேர்க்கடலையை வறுக்கும்போது எழும் வாசனையிலும் பைரசீன்கள்தான் முக்கியம். ஆனால் அவை வேறு வகை. சூட்டில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து உண்டாவது. எள், கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, காபி, வறுத்தெடுக்கும் எதிலும் அந்த வகை இருக்கும். பச்சை வாசனை ஒரு பக்கம், வறுத்த வாசனை ஒரு பக்கம், நடுவில் ஒரு தூரத்துச் சொந்தம். இதற்கு மேல் கடலையில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. குடைமிளகாயின் மணம் எண்ணெயில் கரையக்கூடியது. தண்ணீரில் இருந்தால் மூக்கைக் குத்தும் அது, எண்ணெயில் கரைந்துவிட்டால் அடங்கி, மெல்ல மெல்ல வெளியே வரும். தேங்காய், எள், நெய், ஆடை எடுக்காத தயிர், பனீர், முட்டை மஞ்சள் கரு எல்லாமே இந்தக் காயோடு நன்றாகப் போவதற்கு இதுதான் காரணம். வெறும் தண்ணீரில் வேகவைத்த குடைமிளகாய்க் கூட்டு யாருக்கும் பிடிக்காததற்கும் இதுதான் காரணம்.

எச்.வி.எஃப். குடியிருப்பில் நாக்பூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் செய்யும் குடைமிளகாய்க் கறியில் கடலை மாவு போடுவார். எண்ணெயில் கடுகு, பெருங்காயம், மஞ்சள், அப்புறம் சதுரமாக நறுக்கிய காய். முக்கால் பதம் வதங்கியதும் வறுத்த கடலை மாவைத் தூவி, கை தண்ணீர் தெளித்து, கிளறி எடுப்பார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "மாவு ஜாஸ்தி வேணாம் அக்கா. காய் மேல ஒட்டணும், அவ்ளோதான். காயை மூடிடக் கூடாது" என்றார். நம் பருப்பு உசிலியும் இதே யோசனைதான். பீன்ஸுக்கும் கொத்தவரங்காய்க்கும் உசிலி செய்கிறோம். குடைமிளகாய்க்கு அது இன்னும் பொருத்தம். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, காய்ந்த மிளகாயோடு கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். காயைத் தனியே வதக்கி, கடைசியில் இரண்டையும் சேருங்கள். பருப்பு இரண்டு பங்கு, காய் ஒரு பங்கு. மற்ற உசிலிகளில் காய் அதிகம், பருப்பு குறைவு, இதில் தலைகீழ். உடம்புக்கும் நல்லது: பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் சி உதவும். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் அது சுமார் 80 மில்லிகிராம் இருக்கிறது. வதக்கும்போது ஒரு பகுதி போனாலும் மிச்சம் கணிசம்.

என் வாடிக்கையாளர்கள் வாரா வாரம் கேட்பது குடைமிளகாய் சாதம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு கொப்பரை, இவற்றைத் தனித்தனியே சிவக்க வறுத்து, தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலையும் ஒரு ஸ்பூன் எள்ளும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். நைசாக அரைத்தால் கடலை எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். காயை நறுக்கும்போது உட்பக்கம் மேலே இருக்கட்டும். தோல் வழவழப்பு, கத்தி வழுக்கும். உள்ளிருந்து வெட்டினால் சுலபம். உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பை எடுத்துவிடுங்கள், அதில் லேசான கசப்பு. விரல் அகலத்துக்கு நீளத் துண்டுகள். இரும்பு வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, பிறகு காய். தோல் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பிவிட்டு, கரண்டியை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கை சும்மா இருக்காது, கிளறச் சொல்லும், கிளறக் கூடாது. தோலில் அங்கங்கே கொப்புளம் வந்து பழுப்புப் புள்ளி விழும்போது ஒரே ஒரு முறை புரட்டினால் போதும். மூடி போடவே கூடாது. மூடினால் ஆவியோடு வெளியேற வேண்டிய வாசனை திரும்பச் சட்டியிலேயே இறங்கும், காயும் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். உப்பு இறக்குவதற்குச் சற்று முன்னால். அடுப்பை அணைத்த பிறகு பொடி, அதன்பின் ஆறி உதிர்ந்த சாதம். டப்பாவை மூடும் நேரத்தில்தான் எலுமிச்சை.

எலுமிச்சையை ஏன் கடைசியில் என்று என்னிடம் உதவிக்கு வரும் பெண் கேட்பாள். நிறத்துக்காக. இலைப்பச்சையின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் புளிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் அது கழன்றுவிடும், பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசிநிறப் பழுப்பாகிவிடும். சாம்பாரிலும் இதே விதிதான். குடைமிளகாய் சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தைவிட நல்ல துணை இல்லை. வதங்கிய சின்ன வெங்காயத்தின் இனிப்பும் புளியின் புளிப்பும் இரண்டு பக்கமும் கை கொடுக்கும். ஆனால் காயைப் புளித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். வேறு சட்டியில் எண்ணெயில் வதக்கி, சாம்பார் கொதித்து இறக்கும் தருணத்தில் அந்த எண்ணெயோடு சேர்த்துக் கொட்டுங்கள். அந்த எண்ணெயில்தான் மணம் முழுக்க இருக்கிறது.

இனிப்பும் இதற்கு நன்றாகப் போகும். ஸ்வீட் கார்ன், அன்னாசி, வதங்கிய பெரிய வெங்காயம், துளி வெல்லம். கர்நாடகத்தில் புளி, வெல்லம், எள் போட்டுச் செய்யும் குடைமிளகாய் கொஜ்ஜு சப்பாத்திக்கு ஒரு பங்கு என்றால் தயிர் சாதத்துக்கு இரண்டு பங்கு. தக்காளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது இனிப்பும் புளிப்பும் சேர்ந்தது. ஹங்கேரியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாயின் உறவான மிளகாய் மூன்றையும் போட்டு 'லெச்சோ' என்று செய்வது அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடு.

சேராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் மூடிய டப்பாவில் கந்தக வாசனை விடும். குடைமிளகாயோடு அது கலந்தால் திறந்தவுடன் முகத்தைத் திருப்பத் தோன்றும். தள்ளுவண்டியில் முட்டைக்கோஸும் குடைமிளகாயும் ஒன்றாக நன்றாக இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே தீ பெரியது, மூடி கிடையாது, போட்டதும் தட்டுக்கு வந்துவிடுகிறது. கீரையோடு வேண்டாம், பச்சை மேல் பச்சை. கொத்தமல்லித் தழையும் அப்படித்தான், எனக்கு அது ஒட்டவில்லை. தனியாவை வறுத்துப் போட்டால் அழகாக ஒட்டுகிறது. சோம்பு வேண்டாம் என்பேன். சீரகம், மிளகு, பூண்டு தாராளமாக.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் காய் வரும் பாதையில் ஓர் அனுகூலம் உண்டு. சென்னைக்கு வரும் குடைமிளகாயில் பெரும்பங்கு ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. அந்த லாரிகள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பூந்தமல்லி ஓரமாக, மதுரவாயல் வழியாகத்தான் கோயம்பேட்டுக்குப் போகின்றன. அதாவது நம் வாசலைக் கடந்து போய், மொத்த வியாபாரியிடம் இறங்கி, மறுபடி குட்டியானையில் ஏறி நம்மிடமே வருகிறது. 2020-இல் கொரோனா பரவியதால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, மே மாதம் காய்கறி மொத்த வியாபாரத்தைப் பூந்தமல்லிக்கு அடுத்த திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பரில்தான் திரும்பக் கோயம்பேட்டுக்குப் போனது. மழை பெய்தால் சேறும் சகதியுமாக, வியாபாரிகளுக்குக் கொடுமையான காலம் அது. ஆனால் முதல் நாள் பறித்த குடைமிளகாய் எப்படி இருக்கும் என்று நான் கையில் எடுத்துப் பார்த்தது அங்கேதான். காம்பு நல்ல பச்சையாக, வெட்டிய இடம் காயாமல் இருந்தது. விரலால் அழுத்தினால் உள்வாங்காமல் டக்கென்று நின்றது. அளவுக்கு மீறிய கனம். இப்போதும் நான் கடையில் முதலில் பார்ப்பது காம்பைத்தான். தோல் பளபளப்பை நம்ப வேண்டாம், மெழுகு பூசியும் பளபளக்க வைக்கலாம்.

அடியில் மூன்று முண்டு இருந்தால் ஆண் காய், சமைக்க ஏற்றது. நான்கு இருந்தால் பெண் காய், இனிப்பு, பச்சையாகச் சாப்பிட ஏற்றது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடையில் காயைக் கவிழ்த்துப் பார்த்து எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காயில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. ஒரே செடியில் மூன்று முண்டும் நான்கு முண்டும் காய்க்கும். ரகத்தையும் வளர்ந்த சூழலையும் பொறுத்தது அது. இனிப்பைத் தீர்மானிப்பது முதிர்ச்சி. பச்சை என்பது பழுக்காத நிலை. செடியிலேயே விட்டால் அது ரகத்துக்கு ஏற்றபடி சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். பழுக்கப் பழுக்க அந்தப் பச்சை வாசனை குறையும், சர்க்கரை கூடும், வைட்டமின் சி-யும் கூடும். சிவப்பில் 100 கிராமுக்கு 125 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுக்க வழி தெரியாமல் விஞ்ஞானிகள் திண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அந்த ஊர் மிளகாயிலிருந்துதான் அதைக் கிலோ கணக்கில் எடுத்தார். 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பச்சைக்குச் சொன்ன ஜோடிகள் அத்தனையும் சிவப்புக்கு அப்படியே பொருந்தாது. சிவப்பும் மஞ்சளும் பழத்தின் பக்கம் சாய்ந்தவை. உசிலிக்கும் சாம்பாருக்கும் பச்சைதான் வேண்டும்.

அந்தப் பச்சை வாசனையே ஆகாது என்கிறவர்கள் சுட்டுப் பாருங்கள். கேஸ் அடுப்பில் நேரடியாகத் தீயில் காட்டி, தோல் முழுக்கக் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவு புளியோடு அரைத்தால் துவையல். சுட்ட கத்திரிக்காய்த் துவையல் பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுங்கள், எண்ணெயில் மணம் அடங்கும் என்று மேலே சொன்னேனே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆர்டர் கிடையாது. அன்று எங்கள் வீட்டில் சென்னாக்குனி, அதாவது காய்ந்த குட்டி இறால். வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, முறத்தில் போட்டுத் தேய்த்துப் புடைத்துத் தூசு நீக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, பொடியாக நறுக்கிய குடைமிளகாய், மிளகுத்தூள் போட்டுப் புரட்டுவேன். வறுத்த சென்னாக்குனி வாசனைக்கும் குடைமிளகாய்க்கும் அப்படி ஒரு பொருத்தம். ஒரு கை சென்னாக்குனிக்கு அரைக் காய் போதும். மாங்காய் வந்துவிட்டால் கிளிமூக்கு மாங்காயை அதில் நான்கு கீற்று சேர்ப்பேன். அதே மாங்காயும் குடைமிளகாயும் போட்டுத் தேங்காய் அரைத்துவிட்ட பச்சடியும் செய்கிறோம். அதில் வெல்லம் போட வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் என் மாமியாருக்கும் இன்னும் முடிவு வரவில்லை. "வெல்லம் போட்டா பண்டிகைப் பச்சடி ஆயிடும்மா, சோத்துக்கு ஆகாது" என்கிறார் அவர். நான் ஒரு சுண்டைக்காய் அளவு போடுகிறேன்.